எட்டு ரிங்

...அதற்குள் ஐந்தரை தாண்டிவிட்டதா, தாண்டியிருக்காது, இந்தக் கடிகாரத்தை நம்ப முடியாது, ரிமோட்டில் செத்த பேட்டரியை வெயிலில் காயவைத்துக் கடிகாரத்தில் போட்டு, கடிகாரத்தில் செத்ததை மறுபடி காயவைத்து ரிமோட்டில் போட்டு, பதினோரு வருடமாக அந்த இரண்டும் சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் இந்த வீட்டில் உழைக்கின்றன, என்று நினைத்தபடியே லிஃப்ட்காரர் ஒரு தீக்குச்சியை நிமிர்த்திப் பிடித்து, மருந்துத் தலையில் பிளேடை வைத்து, நெடுக இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதி பெட்டிக்குள் போனது. மறு பாதி கையில் இருந்தது. வேலையை விட்டு ஆறு வருடமாகியும் ஊர் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுகிறது, ஒன்பது மாடிக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் ஏற்றி இறக்கியவர், ஒருமுறை மின்சாரம் போன லிஃப்டை ஆறாவது மாடியிலிருந்து நல்ல வார்த்தை சொல்லியே கீழே கொண்டுவந்தார், நம்பாதவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். இப்போது அந்த மனிதர் சமையலறை ஸ்டூலில், பற்றவைக்காத அடுப்புக்கு எதிரே, அரைக் குச்சியோடு உட்கார்ந்திருக்கிறார்... எதற்கு? பழக்கம். நாற்பத்தேழு நாளாக, ஐந்தரை ஆனால் கால் தானாக இங்கே வந்து நிற்கிறது, காலுக்கு யார் போய்ச் சொல்வது?

அடுப்பின் மேல் பாத்திரங்கள் வழக்கம்போல மூன்று மாடி, தரைத்தளத்தில் பருப்பு, முதல் மாடியில் அரிசி, மொட்டை மாடியில் குளிக்க வெந்நீர், எல்லாம் ஒரே நெருப்பு, சிலிண்டர் விலை ஏறிய வருடம் அவர் கட்டிய கட்டடம் இது, பெண்டாட்டிதான் மேஸ்திரி, அதாவது சாய்ந்தால் பிடிக்கிறவள். வீட்டுக்கு மொத்தம் ஒரு பல்பு, அறைக்கு அறை கழற்றி மாட்டுவார்கள், ஒரு கட்டத்தில் அவர் எழுந்தாலே பல்பு ஆடத் தொடங்கியது, வழி பழகிவிட்டது அதற்கு. தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவது, அது தேய்ந்ததும் அடுத்ததன் முதுகில்... அப்படியானால் கல்யாணமான வாரத்தில் வாங்கிய முதல் சோப்பு இன்றைய சோப்புக்குள் கடுகளவாவது இருக்க வேண்டும்தானே, என்று அவர் சொன்னதற்கு, “அப்ப என் அழுக்கும் உங்க அழுக்கும் முப்பத்தாறு வருஷமா ஒண்ணாத்தான் இருக்குன்னு சொல்லுங்க” என்றாள், சிரிக்காமல், அவளுக்குச் சிரிக்காமல் சொல்லத் தெரியும். இந்த நாற்பத்தேழு நாளில் சோப்பு இலையாகத் தேய்ந்துவிட்டது. புதிது வாங்கி ஒட்டினால் நான் மட்டும் தேய்க்கிற சோப்பாகிவிடுமே... இரண்டு நாளாக வெறும் தண்ணீரில் குளிக்கிறார், இதுவும் ஒரு சிக்கனம்தான் என்று சொல்லிக்கொள்கிறார்.

அவருடைய போன் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் கயிற்றில் தொங்குகிறது, வெளியே எடுத்துப் போனால் தேயும், அது அடுப்பைச் சேர்ந்த சாமான், இடுக்கி மாதிரி. அவள் துணி திருத்தும் தையல் கடையில் வேலை பார்த்தாள், கடையிலிருந்து வீட்டுக்குப் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம், மூன்று மாடியும் வெந்து முடிய இருபத்தைந்து நிமிடம், அவள் வாசலில் செருப்பைக் கழற்றவும் இவர் அடுப்பை அணைக்கவும் சரியாக இருந்தால் எதையும் இரண்டாம் முறை சூடாக்க வேண்டாம். அதற்குத்தான் மிஸ்டு கால். சட்டம் லிஃப்டிலிருந்து வந்தது, லிஃப்டில் ஒரு மணி அடித்தால் ஏற்றம், இரண்டு அடித்தால் இறக்கம். வீட்டில் ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், அடுப்பைப் பற்றவையுங்கள். இரண்டு என்றால் தாமதமாகும், பற்றவைக்காதீர்கள். மூன்று என்றால் பால் வாங்கி வையுங்கள். எடுக்கவே கூடாது, எடுத்தால் காசு. பிறகு மகள் இரண்டு போனுக்கும் எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம் என்று மாற்றிக்கொடுத்தாள், இனிமேலாவது மனுஷங்க மாதிரி பேசிக்கோங்க என்றாள். அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாத்தையும் போன்லயே பேசித் தீர்த்துட்டா, வீட்டுக்கு வந்து என்னத்தைப் பேசறது?” நியாயம்தானே? அப்போது நியாயமாகத்தான் இருந்தது... பேச்சையும் மிச்சம் பிடித்தோம். மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே? பேட்டரி இருக்கிறது, சோப்பு இருக்கிறது, பாதிக் குச்சிகள் பெட்டி நிறைய இருக்கின்றன, அந்தப் பேச்சை எந்த டப்பாவில் போட்டு வைத்தாள்?

அன்றைக்கு ஐந்து நாற்பதுக்கு ஒரு ரிங். பற்றவைத்தார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மறுபடி அடித்தது, ஒன்று, இரண்டு, மூன்று, சரி பால், நான்கு... நான்கா? “வை, வைம்மா” என்று ஆணியில் தொங்கிய போனை அதட்டினார், கை நீளவில்லை, பதினைந்து வருடப் பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நின்றது. எட்டுக்குச் சட்டம் கிடையாது. லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார், எட்டு என்பது மூன்றும் மூன்றும் இரண்டும், மூன்று பால், இன்னொரு மூன்று இன்னொரு பால், இரண்டு தாமதம். இரண்டு பால் வாங்கி வையுங்கள், நான் வரத் தாமதமாகும். யாரோ விருந்தாளியைக் கூட்டிவருகிறாள்! தீர்த்துவிட்டார். அடுப்பை அணைத்தார், தாமதமென்றால் எரிவானேன், போனை ஆணியிலேயே விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார், பால்காரரிடம் தன் மூளையைப் பற்றி ஏழெட்டு நிமிடம் பேசினார், இப்படியொரு பாஷை உலகத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கும் கிடையாது என்றார், பால்காரர் ஆமாம் என்றார். திரும்பி வந்தபோது போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, பன்னிரண்டு, பதின்மூன்று, இது பாஷையே இல்லை, ஊதாரித்தனம், திட்டுவதற்காகத்தான் எடுத்தார். தையல் கடை அம்மாவின் குரல். “அண்ணா, எங்கண்ணா போயிட்டீங்க... பஸ் ஏறிப் போனவங்க மாரை அடைக்குதுன்னு அடுத்த ஸ்டாப்லயே இறங்கித் திரும்பி வந்து வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க, நான் ஷட்டரை இறக்கிட்டு வந்து பார்த்தா...” இரண்டு பால் பாக்கெட்டும் கையில் சில்லென்று இருந்தன. அவை கெட்டுப்போயின. இந்த வீட்டில் பால் கெட்டது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் மகள் பேசினாள். “அப்பா, அம்மா நம்பருக்கு இன்னியோட கடைசி. யாரும் பேசாத போனுக்கு மாசாமாசம் எதுக்குப்பா அழணும்? வேணுங்கற நம்பரை மட்டும் எழுதி வச்சுக்கோங்க.” சொல்லிவிட்டு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். அவள் சொன்னதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை, எப்படி முடியும், காலி அறையில் விளக்கு எதற்கு என்று மூன்று வயதிலிருந்து சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளை. அதனால் இப்போது மடியில் பழைய கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதன் உள்பக்கத்தில் அவள் போனிலிருந்து நம்பர் எழுதுகிறார். மொத்தமே ஏழு பேர். மகள், தையல் கடை, நூல் கடை, பல் டாக்டர், நாத்தனார், பக்கத்து வீடு... ஏழாவது ‘அடுப்பு’ என்றிருக்கிறது. அடுப்பா, கேஸ் கம்பெனியாக இருக்குமோ? நம்பரைப் பாதி எழுதின பிறகுதான் தெரிந்தது, அது தன்னுடைய நம்பர். போக்கிரி. இத்தனை வருடமும் சொல்லவே இல்லை பாரேன்... சிரிப்பு வந்தது, வந்த வழியிலேயே நின்றுவிட்டது, கட்டைவிரல் ஏதோ பொத்தானை அழுத்திவிட்டிருந்தது, திரையில் வேறு பட்டியல், அவள் கூப்பிட்ட வரிசை, தேதி அந்தத் தேதிதான். அடுப்பு, ஐந்து நாற்பது. தெரியும். அடுப்பு, ஐந்து ஐம்பத்திரண்டு. தெரியும், அதைத் தெரிந்துகொண்டுதானே நாற்பத்தேழு நாளாக... அதற்கு மேலே இன்னொன்று. அடுப்பு, ஆறு நான்கு.

ஆறு நான்கு? ஆறு நான்குக்கு நான் எங்கே இருந்தேன், பால் கடையில், மூளையைப் பற்றிப் பேசிக்கொண்டு. அன்று ராத்திரி என் போனை மருமகன் வாங்கி உறவுக்கெல்லாம் சொன்னான், அந்த அழைப்புகளின் அடியில் எங்கோ இது போய்விட்டது, நான் திரையைப் பார்க்கிற ஆளா, காதால் எண்ணுகிற ஆள். இதை எண்ணக் காது இல்லை. பூட்டிய வீட்டில், ஆணியில் தொங்கி, ஆறிக்கொண்டிருந்த மூன்று மாடிக்கு எதிரே அடித்திருக்கிறது. எட்டு ரிங் அடித்துக் காத்திருந்தவள், நான் எடுக்கமாட்டேன் என்று தெரிந்துகொண்டு, பன்னிரண்டு நிமிடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பிறகு சட்டப்படியே ஏதோ சொல்லியிருக்கிறாள். எத்தனை அடித்தாய்? நேரம் போட்டிருக்கிறான், எத்தனை என்று போடவில்லையே, இவ்வளவு பெரிய மெஷினைச் செய்தவனுக்கு அதைப் போடத் தோன்றவில்லையே. வலி விட்டுப்போய், ஏறிவிடுவேன், வீட்டுக்கு வருகிறேன் என்றிருந்தால் ஒன்று. இல்லை, எனக்காகக் காத்திருக்காதீர்கள், வீணாக எரியவிடாதீர்கள் என்றிருந்தால்... ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் போய் நின்றது, யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். லிஃப்ட்காரர் எழுந்து அடுப்புக்கு முன்னால் நின்றார். ஒன்றென்றால் பற்றவைக்க வேண்டும், இரண்டென்றால் கூடாது. அரைக் குச்சியைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். ஒன்றா, இரண்டா, சொல்லும்மா, என்று ஆணியில் தொங்கிய போனைக் கேட்டார், நாற்பத்தேழு நாளில் முதல் முறையாகச் சத்தமாக, குச்சியை உரசாமல், எடுக்காமல், அப்படியே...