பதினேழாம் எண் கட்டில்

பதினேழாம் எண் பேருந்தை முப்பத்தோரு வருடம் ஓட்டியவரின் கட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பிச் சாலைக்கு வந்தது. அவரும் அதில்தான் படுத்திருந்தார். கட்டிலின் அகலம் நான்கடி, வாசற்கதவின் அகலம் மூன்றடி; எப்படி வெளியே வந்தது என்று பிற்பாடு ஆளாளுக்கு அளந்து பார்த்தார்கள், அளவு மாறவில்லை. வயிற்றில் வந்த கட்டி முதுகெலும்பு வரை பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனை அவரை அனுப்பிவைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஓட்டின கையை அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. கட்டில் தெருமுனையில் நின்று, இருபுறமும் பார்த்து, ஆறு பத்துக்கு முதல் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே காத்திருந்த ஏழு பேரும் ஏறி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு எது வந்தால் என்ன, நேரத்துக்கு வந்தால் சரி.

இப்படிப்பட்ட நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் ஏழு மணிக்கு வந்தபோது, அறையில் கட்டில் இருந்த இடத்தில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது. ஓட்டுநரின் மனைவி அந்த வெற்றிடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"டூட்டிக்குப் போயிட்டாரு சிஸ்டர். இந்த நிலைமையிலயும் டூட்டி! இப்பவாவது என்கூட நாலு வார்த்தை பேசிக்கிட்டு இருப்பாருன்னு நினைச்சேன்."

விடிவதற்குள் போய் விளக்கு வைத்த பிறகு வருகிற மனிதரோடு அவள் முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியிருந்தாள். ஓய்வு பெற்றபின் பேசிக்கொள்ளலாம் என்று எல்லாப் பேச்சையும் சேர்த்து வைத்திருந்தாள். ஓய்வு வந்த நான்காம் மாதம் நோய் வந்தது. கிடைத்த பன்னிரண்டு நாளிலும் அவர் வலியில் முனகினார், அவள் முதுகைத் தடவினாள், பேச்சு அப்படியே இருந்தது.

சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். நான்காம் நிறுத்தத்துச் சிவப்பு விளக்கில் கட்டிலைப் பிடித்தாள். பச்சை விழுவதற்குள் நாடி பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பயணிகளை ஒவ்வொருவராக எழுப்பி, மூன்று நிறுத்தங்களுக்குள் விரிப்பையும் மாற்றிவிட்டாள். பதினொரு வருடமாகத் திரை போட்ட அறைகளில் மெல்லிய குரலில் பேசியே பழகியவள், அன்று நடுத்தெருவில் தலைமுடி அவிழ, மூச்சிரைக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வேலை பார்த்தாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இங்கே வளைவுகளில் கட்டிலே சாய்ந்துகொடுத்ததால் ஒரே வாரத்தில் அவர் முதுகில் இருந்த படுக்கைப்புண் ஆறத் தொடங்கியது. சிஸ்டர் ஓடுவதற்கென்றே புதுக் காலணி வாங்கினாள். ஜனங்கள் அவளுக்கு ஓட்ட சிஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார், விதிப்புத்தகத்தைப் புரட்டினார், கட்டில் என்ற சொல்லே அதில் இல்லாததால் 'நேரம் தவறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் வீட்டு நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

சிக்கல் வலியில்தான் இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை குடிக்க வேண்டிய வலி மருந்தை ஓட்டுநர் தொட மறுத்தார். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை துண்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். உடம்பு வில்லாக வளைந்தது, விரிப்பு வியர்வையில் நனைந்தது, பயணிகள் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மருந்தால் வரும் தூக்கக் கலக்கம் மூன்று நாலு நாளில் பழகிவிடும் என்று சிஸ்டர் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தாள்.

"அறுபது உசிரு பின்னால உக்காந்திருக்கும்மா. ஓட்டுறவன் அதைத் தொடலாமா?"

கட்டிலில் ஒருபோதும் ஒன்பது பேருக்கு மேல் ஏறியதில்லை. ஆனாலும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மனைவி அந்த மருந்தைப் பாலில் கலந்து கொடுத்துவிட்டாள். கட்டில் ஒன்பது இருபதுக்குப் பாலத்தின் நடுவில் நின்றது. அதற்குப் பின்னால் ஊரே நின்றது. ஒன்பது பேரும் இறங்கி நடந்தார்கள். சாயங்காலம் கண்விழித்தவர் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்ததும் குழந்தை மாதிரி தேம்பி அழுதார். காலி வண்டியாக வீட்டுக்கு ஓட்டிவந்தார். அதற்குப் பிறகு மனைவி கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை.

"துடிக்கிறாரேன்னுதானே செஞ்சேன்" என்று அவள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் சிஸ்டர் நேராக டிப்போவுக்குப் போனாள். ஓட்டுநர்களின் ஓய்வறைக்குள் நுழைந்து, பாதி வழியில் உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மாற்று டிரைவர் வந்து வண்டியைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவரை இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். சிஸ்டர் துள்ளிக் குதித்துவிட்டாள். டிப்போவின் கெட்டிக்கார ஓட்டுநர்கள் ஐந்து பேர் அவளோடு வந்து, ஆளுக்கொரு தடவை கட்டிலில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் அது ஓரங்குலம்கூட நகரவில்லை. ஐந்தாமவர் இறங்கும்போதுதான் சிஸ்டருக்குப் பொறி தட்டியது. அந்தக் கட்டிலில் முப்பத்தோரு வருடம் படுத்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

மனைவி சைக்கிள்கூட ஓட்டியதில்லை. மறுநாள் காலை ஆறு ஐந்துக்கு அவர் தலைமாட்டில் ஏறி, கால்களை மடக்கி உட்கார்ந்து, முன்னால் பார்த்தாள். கட்டில் கிளம்பியது. தெருவே கைதட்டியது.

"வளைவுல அவசரப்படாதே."

"எனக்குத் தெரியும், சும்மா வாங்க."

நான்கு நிறுத்தம் வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். ஐந்தாம் நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். அவள் சரியாக உட்காரும்வரை மனைவி வண்டியை நகர்த்தாமல் பொறுத்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார்.

"சரி. நீயே பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். பக்கத்தில் ஓடிக்கொண்டே சிஸ்டர் அளந்து வைத்திருந்த மருந்தை ஒரு துளி சிந்தாமல் ஊற்றினாள்.

அரைமணி நேரத்தில் அவர் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. தூங்குவார் என்று நினைத்தார்கள், தூங்கவில்லை. தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தார். அத்தனை வருடமும் நேரே மட்டும் பார்த்தவருக்கு அந்தச் சாலைக்கு இரண்டு பக்கம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"ஏய், இந்த மாடிக் கட்டடம் எப்ப வந்துச்சு?"

"அது வந்து இருபது வருஷமாச்சு. அதுல கீழ்க்கடையிலதான் நம்ம பொண்ணுக்கு முதல் செருப்பு வாங்கினேன். அன்னைக்கு உங்க வண்டி என்னைத் தாண்டித்தான் போச்சு, நீங்க பார்க்கல."

"ஹாரன் அடிச்சேனா?"

"அடிச்சீங்க. யாருக்கோ."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அவள் அன்று அவிழ்த்துவிட்டாள். அவர் கேட்கக் கேட்க, சிஸ்டர் ஓட ஓட, பயணிகள் தங்கள் நிறுத்தம் தாண்டியதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்துமூன்று நாள் இப்படியே போனது. அந்த இருபத்துமூன்று நாளும் அவருக்கு ஒருநாள்கூட வலியில்லை என்று சிஸ்டரின் குறிப்பேட்டில் இருக்கிறது.

இருபத்துநான்காம் நாள் பிற்பகல், பழைய தபால் நிலையத்தின் பக்கத்தில், மனைவி ஏதோ கதையின் நடுவில் இருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த சிஸ்டரின் விரல்களுக்கடியில் நாடி நின்றது. சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். மனைவிக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கட்டிலை மட்டும் நிறுத்தவில்லை. "இன்னும் மூணு ஸ்டாப் இருக்கு சிஸ்டர், எல்லாரையும் இறக்கி விட்டுடறேன்" என்றாள். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து, கடைசி நிறுத்தம் வருவதற்குள் அவருக்கு அதைச் சொல்லி முடித்தாள்.

மறுவாரம் திங்கட்கிழமையிலிருந்து கட்டில் மறுபடி ஓடுகிறது. சிஸ்டரின் பட்டியலில் இப்போது பதினாறு நோயாளிகள். கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் முறைவைத்து அதில் ஏறுகிறார்கள், மருந்தும் வேளைக்குப் போகிறது. நேரம் தவறுவதில்லை. ஓட்டும்போது பேச்சு அதிகம் என்பதுதான் அந்த அம்மாவின் மேல் இன்றுவரை வந்திருக்கும் ஒரே புகார்.