கொப்பு நட்டவன்

"இது எங்க குளம்தான்னா, எங்க கொட்டகை ஏன் அந்தப் பக்கம் போய் நிக்குது?"

"படம்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்மா. வாங்கறவங்ககூட இவ்வளவு குறை சொல்றதில்ல. நீங்க இன்னும் விலையே கேக்கல."

ஊர் ஊராகச் சாமான் விற்கும் எலிஃபலெட், லவீனாவின் அடுப்படி மேசையில் அந்த வண்ணப்படத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைகளில் கரண்டிகளை வைத்திருந்தான். படத்தில் ஆட்கள் குளத்தில் உறைந்த பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்தார்கள். குதிரைகள் மூச்சு விட்டன. போன குளிர்காலத்தில் நகரத்திலிருந்து ஒரு ஓவியர் வந்து, கரையில் நின்று வரைந்துகொண்டு போனது இதுதான்.

அடுப்பருகே பூட்ஸைக் காயவைத்திருந்த ஹோசியா எழுந்து வந்து குனிந்தான். ரம்பக்காரர்களைத் தாண்டி, பனியில் துளை போட்டுப் பைன் கொப்பு நடும் ஒருவன் மேல் விரலை வைத்தான்.

"பாரு லவீனா. கோடாலி எந்தக் கைல இருக்கு?"

"இடது கைல."

"அசாஹெல்தான். உன் புருஷனத் தவிர இந்த ஊர்ல இடது கைக்காரன் யாரு? ஒரு வருஷமா நான் என்ன சொல்றேன்?"

லவீனா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அடியில் ஊற்று இருக்கும் இடத்தில் பனி மெலிந்திருக்கும். வேலை தொடங்குமுன் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்து, சுற்றிலும் கொப்பு நடுவார். கொப்புக்கு இந்தப் பக்கம் குதிரை போகலாம் என்று அர்த்தம். ஓவியர் வரைந்த அன்று அசாஹெல் இந்தப் பக்கமாகத்தான் போனான். பனி உடைந்து குதிரையோடு தண்ணீருக்குள் போய்விட்டான். கொப்பைத் தப்பான இடத்தில் நட்டது அவனேதான் என்றான் ஹோசியா. அந்த வருஷம் அது ஹோசியாவின் வேலை என்றது ஊர். வருகிற ஞாயிறு தேவாலயத்தில் லவீனாவுக்கும் ஹோசியாவுக்கும் கல்யாண அறிவிப்பு.

அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. நிம்மதியாலா என்று தெரியவில்லை. கண் மறுபடி கொட்டகைக்கே போனது.

"சாலையிலேர்ந்து பாத்தா அது குளத்துக்கு வலப்பக்கம்ல இருக்கும்?"

"ஓ, அதுவா," என்றான் எலிஃபலெட். "கல்லுல வரைஞ்சு, மை தடவி, காகிதத்த வச்சு அழுத்தி எடுக்கறது. உங்க வெண்ணெய் அச்சு மாதிரிதான். கட்டையில இடப்பக்கம் செதுக்கின பூ வெண்ணெயில வலப்பக்கம் விழும்ல? திருப்பி வரையணும். மறந்துட்டாருன்னா ஊரே திரும்பிப்போகும்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான்.

லவீனா சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிப் படத்துக்கு எதிரே பிடித்தாள். கொட்டகை தன் இடத்துக்கு வந்தது. ஓடை சரியான மூலையில் குளத்தில் இறங்கியது. கொப்பு நடுகிறவனின் கோடாலி வலது கைக்குப் போனது.

ஊரில் மற்ற எல்லோரும் வலது கைக்காரர்கள்தான். அசாஹெல் இல்லையென்றால் ஹோசியாவாகத்தான் இருக்க வேண்டுமா? அன்று நான்கு பேர் வேலை செய்தார்கள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓவியர் ஒரு புள்ளி வைத்திருந்தார். அவள் கண்ணாடியை எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவன் இடது கைக்காரன் ஆனான், வலது கைக்காரன் ஆனான்.

"அந்தச் சிவப்புப் பனிவண்டியப் பாரு," என்றான் ஹோசியா. குரல் சற்று உயர்ந்திருந்தது. "நம்மகிட்ட அப்படி ஒண்ணு இருந்துச்சா? மலைமேல தேவாலயம் வேற வச்சிருக்கான். எல்லாம் அவன் இஷ்டத்துக்குப் போட்டது. கைய மட்டும் நம்புவியா?"

"சித்த முன்னாடி கையப் பாருன்னு நீங்கதான சொன்னீங்க."

"அப்ப சொன்னேன்."

"இப்ப?"

ஹோசியா பூட்ஸைத் தேடினான். எலிஃபலெட் ஒவ்வொரு கரண்டியாக எடுத்துவைத்து, மெதுவாகப் படத்தைச் சுருட்டத் தொடங்கினான். லவீனா தடுக்கவில்லை. அந்தச் சிவப்பு வண்டி உண்மையிலேயே இருந்ததோ என்றுகூட இப்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அசாஹெலின் கைகளை நினைத்துப் பார்த்தாள். அவையும் இடம் மாறி மாறி வந்தன.

"ஹோசியா," என்றாள். "ஞாயித்துக்கிழமை நம்ம பேரப் படிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ சொல்லுங்க, கொப்பு யாரு நட்டாங்கன்னு. படத்த விடுங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க."