வலி விட்ட நேரம்

"எத்தனை மணிக்கு அடி பட்டுச்சும்மா?" என்று டாக்டர் சௌம்யா கேட்டதும், பாஞ்சாலி கொஞ்சமும் யோசிக்காமல் "பத்து மணிக்கு மேடம்" என்று சொல்லிவிட்டாள். நடந்ததோ காலை ஏழு மணிக்கு. இப்போது மணி மூன்று. இவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்றால் காலையே வெட்டிவிடுவார்களோ என்ற பயம்தான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அவள் புருஷன் அய்யாவு, நல்ல வேலை செய்தாய் என்பதுபோல அவள் கையை அழுத்தினான்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் லாரியிலிருந்து இரும்புக் குழாய் இறக்கும்போது கட்டு அவிழ்ந்து அவன் இடது முட்டியின் மேல் உருண்டுவிட்டது. கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்றார்கள். அவன்தான், "அங்க போனா அறுத்துடுவாங்க, எலும்புக்கட்டு போடுறவர் கிட்டயே போலாம்" என்று அழுதான். சரி, அவன் வலியில் உளறினான். தகவல் கேட்டு ஓடிவந்த இவளுக்கு எங்கே போயிற்று புத்தி? நான்கு வருஷத்துக்கு முன் தன் மணிக்கட்டு அங்கேதானே கூடியது என்று இவளும் தலையாட்டினாள்.

அங்கே வரிசையில் உட்காரவே இரண்டு மணி நேரம். முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, மூங்கில் பட்டை வைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் அய்யாவு, "ஏ பாஞ்சா, வலியே இல்லடி!" என்றான். அப்பப்பா, அவள் பட்ட சந்தோஷம்! சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, தயிர்ச்சோறு பிசைந்து ஊட்டினாள். விரல்கள் நீலம் பாரித்திருந்ததைப் பார்க்கத்தான் செய்தாள். கட்டின் இறுக்கம், சரியாகிவிடும் என்று நினைத்தாள். வலி விட்டது குணமில்லை, கால் சாகிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மாடி வீட்டு மௌரீன் வந்து தொட்டுப் பார்த்து, "ஐயோ, ஐஸா இருக்குதே!" என்று அலறிய பிறகுதான் கட்டை அறுத்தெறிந்துவிட்டு ஆட்டோ பிடித்தார்கள்.

"முட்டிக்குப் பின்னாடி பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு" என்றார் டாக்டர். "அஞ்சு மணி நேரம்தான்னா, இன்னொரு கால்லேர்ந்து குழாய் எடுத்துத் தச்சுப் பார்க்கலாம். அதுக்கு மேல ஆயிருந்தா ரிஸ்க். செத்த சதைக்கு ரத்தம் விட்டா அந்த விஷம் நெஞ்சுக்கு ஏறும். ஆளே போயிடுவார். புரியுதாம்மா?"

நன்றாகவே புரிந்தது. புரிந்தும் கையெழுத்துப் போட்டாள். "கால எடுக்க வுடாத பாஞ்சா. ஒத்தக் காலோட நான் இன்னாத்துக்கு?" என்று அவன் முனகிக்கொண்டே இருந்தானே, வேறென்ன செய்வாள்?

"பேகா பேகா" என்று அவசரப்படுத்தியபடி வார்டு பையன் மஞ்சுநாத் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினான். பாஞ்சாலி கையை விடாமல் கூடவே ஓடினாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். போஜனம் போனால் போகட்டும், புருஷனே போய்விட்டால்? ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், பத்து இல்ல. ஏழு. காலையில ஏழு மணி. கட்டு போடக் கூட்டிட்டுப் போயிட்டோம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். டாக்டர் பேனாவைத் திறந்து, அய்யாவுவின் முட்டிக்கு மேலே, தொடையைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"திறந்து பார்க்கறோம். சதை துடிச்சா தைக்கறோம். துடிக்கலன்னா இந்தக் கோடுதான்" என்று இன்னொரு தாளை நீட்டினார். பாஞ்சாலி அதிலும் கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசி எழுத்து தாளை விட்டே வெளியே ஓடிவிட்டது.

அய்யாவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். அவள் திரும்பவும் கையைப் பிடிக்கப் போனபோது, விரல்களை உருவிக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"யோவ், இங்க பாருயா" என்றாள். அவன் பார்க்கவில்லை.

கதவு திறந்ததும் ஏசி காற்று சில்லென்று வந்து அடித்தது. இடது பாதம் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கணுக்காலில் முட்டை வெள்ளை காய்ந்து செதிலாக உரிந்தபடி. குளிருமே என்று பாஞ்சாலி போர்வையை இழுத்து அதை மூடிவிட்டாள்.