வெடிப்பு மூடின மழை

மழையில்லாக் காலத்தில் ஒரு பிராணி எப்படிப் பிழைக்கிறது என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசி, படம் வரைந்து கொண்டுவர வேண்டுமாம். டீச்சருக்கென்ன, சொல்லிவிட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பானுவுக்குக் கேட்க அம்மா மட்டும்தான் இருந்தாள். ஆடு மேய்க்கப் போன இடத்தில் சித்திரை வெயிலில் சுருண்டு விழுந்த அப்பா யோகராஜை, ஊருக்கு மேற்கே கரிசலில் புதைத்திருந்தார்கள்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் அலுத்து வந்த வெள்ளைத்தாய், தனக்குத் தெரிந்த தவளையைச் சொன்னாள்.

"கோடையில மண்ணுக்குள்ள போயி தூங்கிரும். சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம். மழை பெஞ்சா எந்திச்சி வெளிய வந்துரும்."

"மூச்சு முட்டாதாம்மா?"

"வெடிப்பு வழியா காத்து வரும்லா."

பானு தலையாட்டிவிட்டு, மண்ணுக்குள் தூங்கும் தவளையை வரைய உட்கார்ந்தாள். பிள்ளைக்குப் பாடம் ஏறிவிட்டதென்று வெள்ளைத்தாய்க்குப் பெருமைகூட.

ஐப்பசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. துணி எடுக்க ஓடியவள் பிள்ளையைக் காணாமல் பதறினாள். ஆட்டைப் பத்திக்கொண்டு வந்த மாடக்கண்ணு அண்ணாச்சி, "ஏட்டி, ஒம் மவ சுடுகாட்டுப் பக்கம் ஓடுதா!" என்றார்.

வெள்ளைத்தாய் மேற்கே ஓடினாள். ஈரக் கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது.

அப்பனைப் புதைத்த இடத்தில் பானு முட்டிபோட்டு, இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாலித்தீன் பைக்குள் அவனுடைய துண்டு.

"அம்மா, வெடிப்பெல்லாம் மூடிட்டு! அப்பா எப்படி வருவாவ?"

வெள்ளைத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. புதைத்த அன்று அழுத பிள்ளையிடம் "அப்பா தூங்குதாவ" என்று சொன்ன பாவி அவள்தானே! மறுநாள் பால் ஊற்றும்போது "அப்பாவுக்கு ஊத்து" என்று பிள்ளையின் கையைப் பிடித்து ஊற்ற வைத்தவளும் அவள்தான்.

ஓடைப் பக்கம் தவளைகள் கத்தத் தொடங்கின.

"அந்தா, எல்லாம் எந்திச்சிட்டு!" பானு மண்ணில் காதை வைத்தாள்.

புதைத்த மேட்டின் ஓரத்தில் மண் அசைந்தது. வெள்ளைத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்கங்கெட்ட மனசு, வந்துவிட மாட்டாரா என்று அவளும் ஏங்கித்தான் போனாள். மண்ணைப் பிதுக்கிக்கொண்டு ஒரு தவளை வெளியே வந்தது. சேற்றோடு சற்றுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தத்திப் போயிற்று.

அவள் மகளை வாரி எடுத்தாள்.

"அம்மா பொய் சொல்லிட்டேன் தாயி. அப்பா தூங்கல. செத்துட்டாவ. இனி எந்த மழைக்கும் வரமாட்டாவ."

"அப்ப நான் ஊத்துன பாலு?"

வெள்ளைத்தாய் பாலித்தீன் பையைப் பிரித்தாள். துண்டை உதறி மகளின் தலையை மூடினாள். அதில் இன்னும் அவன் வியர்வை வாடை இருந்தது.

வீடு சேரும்வரை பானு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெள்ளைத்தாயும்தான்.