காலருக்குள் இரண்டு மைக்

அந்த இரண்டு மைக்குகளையும் நானே தட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டுத்தான் வாங்கினேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

2004ஆம் ஆண்டு. ஓப்பநாயக்க பஜாரில் எனக்கு ஒரு சின்ன ரெக்கோர்டிங் கடை இருந்தது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கல்யாணமோ திருவிழாவோ வந்தால் "பிரதீபனக் கூப்பிடு" என்பார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய மைக். ஸ்டாண்டில் மாட்டினால் பாடுகிறவரின் முகத்தை மறைக்கும். பக்கத்தில் தப்பு மேளம் அடித்தால் சத்தம் உடைந்து, தகரத்தைக் கிழிப்பது போலப் பதியும்.

இரத்தினபுரியில் சீடி வியாபாரம் செய்த அஜந்தன் அண்ணன் ஒருநாள் கடைக்கு வந்தார்.

"தம்பி, தோட்டத்துப் பாட்டுக்கு இப்ப நல்ல கிராக்கி. ஆனா மைக்கக் கண்டா நம்ம பொம்பளைங்க வாயத் தொறக்க மாட்டாங்க. ஸ்டாண்டுலயும் நிக்கணும், யாருக்கும் தெரியாம சட்டையிலயும் இருக்கணும். அப்படி ஒண்ணு பாத்து வாங்குங்க, நான் காசு தாறேன்."

'தெரியாம' என்ற சொல் என் காதில் விழுந்தது. விழாதது போல இருந்துவிட்டேன்.

கொழும்பில் புறக்கோட்டையில் ஸம்சுதீன் நானாவின் கடை. அவர் மூன்று வகை எடுத்து வைத்தார். முதலாவது நீளமானது, நேர் முன்னால் வரும் சத்தத்தை மட்டும் அருமையாகப் பிடிக்கும், ஸ்டாண்ட் இல்லாமல் உதவாது. இரண்டாவது, செய்தி வாசிப்பவர்கள் சட்டையில் குத்துவது; பேச்சுக்குச் சரி, தப்புச் சத்தம் தாங்காது. மூன்றாவது ஒரு சோடி. அவரை விதை அளவு தலை, கறுப்பு வயர், ஒரு குட்டி பேட்டரிப் பெட்டி. கிளிப்போடு காலரில் குத்தலாம். கூடவே வந்த பிடியில் செருகினால் ஸ்டாண்டிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கும்.

"சுத்தி எந்தப் பக்கம் சத்தம் வந்தாலும் எடுக்கும் தம்பி. நீங்க திரும்பினாலும் குனிஞ்சாலும் வித்தியாசம் தெரியாது" என்றார்.

ஒரு பிஸ்கட் தகரத்தை அதன் அருகே வைத்து ஓங்கி அடிக்கச் சொன்னேன். அடித்தார். சத்தம் உடையவில்லை. வயரைச் சட்டைக்குள் விட்டு, உள்ளங்கை அளவு மினிடிஸ்க் ரெக்கோர்டரைக் காற்சட்டைப் பையில் போட்டு, கடைக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆடி மாதம் எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. மூன்றாம் நாள் பின்னேரம் கோயிலுக்கு முன்னால் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி. மூக்காயி அக்கா கொழுந்து எடுக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். அவர் குரலுக்காகவே தோட்டத்தின் கீழ்ப்பிரிவுச் சனமும் மேடேறி வந்திருந்தது. புது மைக்குகளை ஸ்டாண்டில் மாட்டி இரண்டு பாட்டுப் பதிந்தேன். பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"மூக்காயி, மகளுக்குப் பாடுவியே, அதப் பாடு."

அவர் மகள் சுஜீதா இரண்டு வருடங்களுக்கு முன் தலைப்பிரசவத்தில் செத்துப்போனவள். வலி எடுத்தது காலையில். கொழுந்தை எடைபோட்டு ஏற்றி முடியும்வரை தோட்டத்து லொறி கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போனது.

அக்கா ஸ்டாண்டைப் பார்த்தார். "தம்பி, அந்த மிசின நிப்பாட்டுங்க. இது என் புள்ளைக்குப் பாடுறது. விக்கிறதுக்கு இல்ல."

"சரிக்கா" என்றேன்.

எல்லோரும் பார்க்க மைக்குகளைக் கழற்றினேன். மேடை ஓரத்துப் படங்குத் திரைக்குப் பின்னால் போய், அதே மைக்குகளைக் காலரின் உள்பக்கம் குத்தினேன். பையிலிருந்த ரெக்கோர்டரை நிறுத்தவே இல்லை. திரும்பி வந்து அவருக்கு நாலடி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெறும் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

*பச்சைக் கொழுந்தேத்த பாஞ்சு வந்த லொறி*
*என் பிச்சிக் கொழுந்தேத்த பாதையில வரலயே, சுஜீதா…*

பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, மைக் உரசிவிடக்கூடாது என்று கழுத்தைத் திருப்பாமல் இருந்தேன். பாட்டு அழிந்துவிடக்கூடாது என்றுதான் பதிந்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். புது மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

அஜந்தன் அண்ணனிடம் பிரதி கொடுத்தபோது, "கடைசிப் பாட்ட வெளிய விடாதீங்கண்ணே" என்றேன்.

"ஹரி ஹரி" என்றார், சரி சரி என்பதைச் சிங்களத்தில்.

இரண்டு மாதம் கழித்து பெல்மதுளையில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ செட்டில் கீபோர்டும் குத்துத் தாளமும். அதற்கு நடுவே மூக்காயி அக்காவின் குரல். அழுகையில் குரல் உடைகிற இடத்தை வெட்டி, 'சுஜீதா, சுஜீதா' என்று திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். எதிர் மேசை ஆள் வாய் நிறையப் பராட்டாவோடு அந்தப் பெயரைப் பாடி, கரண்டியால் தட்டினான். தாடையில் குழம்பு வழிந்தது. நான் வெளியே ஓடிச் சாக்கடைக் கானில் வாந்தி எடுத்தேன். அவனைப் பார்த்து வந்த வாந்தி என்றுதான் முதலில் நினைத்தேன்.

நேரே இரத்தினபுரிக்குப் போனேன். அஜந்தன் அண்ணன் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செத்த புள்ள பேரண்ணே அது."

"அதுக்கென்ன? அந்தப் பேருலதான் ஓடுது. சவுண்டு என்ன சுத்தம் தெரியுமா? ஒங்களத்தான் சொல்லணும்."

அவர் என் தோளைத் தட்டினார். தட்டிய இடத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

அடுத்த நாள் மூக்காயி அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டேன் தம்பி" என்றார், நான் வாய் திறக்கும் முன்பே. "பஸ்ஸுல போட்டாங்க. கூட்டத்துல யாரோ களவா எடுத்திருக்காங்க."

"நான்தான்க்கா."

அவர் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார். நான் மைக்குகளை எடுத்துக் காட்டினேன். ஒன்றை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தார், தலையில் எடுத்த பேனைப் பார்ப்பது போல.

"ஸ்டாண்டுல இருந்து கழட்டுனீங்களே, அதா?"

"அதுதான்."

"நீங்க எடுத்தத நான் கேக்கணும்."

ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் கண்ணைத் திறந்தார்.

"இதுல யாரோ மூச்சு விடுறாங்க. மூக்க உறிஞ்சுறாங்க. யாரு?"

"நான்தான். மைக்கு என் கழுத்துல இருந்திச்சு."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, முந்தானையால் இரண்டு காதையும் அழுத்தித் துடைத்தார்.

"பாட்டக் களவெடுத்தத விட இது அசிங்கம் தம்பி. அழுதுகிட்டே எடுத்திருக்கீங்க."

நான் ஹெட்போன் வயரைச் சுருட்டத் தொடங்கினேன். அக்கா தொடர்ந்து சொன்னார்.

"வெள்ளிக்கெழம பூசைக்கு எல்லாரும் வருவாங்க. அங்க வந்து சொல்லுங்க. எப்படி எடுத்தீங்கன்னு செஞ்சு காட்டுங்க. அடுத்த தடவ வேற எவனாச்சும் வந்தா நாங்க தெரிஞ்சுக்கணும்."

போனேன். பூசை முடிந்ததும் சொன்னேன். பிறகு ஸ்டாண்டை நிறுத்தி, மைக்கை மாட்டி, கழற்றி, காலரின் உள்ளே குத்தி, வயரைச் சட்டைக்குள் விட்டேன். கிளிப் இரண்டு தடவை நழுவியது. யாரும் திட்டவில்லை. பெண்கள் கிட்டே வந்து என் கழுத்தைக் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி திரும்பி நின்று துப்பினாள். ரெக்கோர்டரில் இருந்த டிஸ்க்கை மூக்காயி அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கற்பூரத் தட்டில் வைத்துக் கொளுத்தினார். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் கோயில் முழுக்கப் பரவியது.

கடைகளுக்குப் போன சீடியை எரிக்க முடியவில்லை. விஷயம் பரவி அஜந்தன் அண்ணன் விற்பதை நிறுத்திய பிறகும் வேறு ஆட்கள் பிரதி எடுத்து விற்றார்கள்.

நான் ஸ்டாண்டை மடக்கும்போது தங்கம்மா என்ற பெண் வந்து நின்றார். போன வருடம் அவர் மகள் கல்யாணத்தை நான்தான் பதிந்திருந்தேன்.

"தம்பி, எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து தேத்தண்ணி குடிச்சீங்களே. அப்ப நாங்க பேசுனதெல்லாம் எடுத்தீங்களா?"

"இல்லக்கா. அப்ப இந்த மைக்கே என்கிட்ட இல்ல."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், காலரையே பார்த்துக்கொண்டிருந்தார்.