இன்சுலின் மாப்பிள்ளை

சண்முகவடிவின் ஊரில் இன்சுலினுக்கு மாப்பிள்ளை முறை. மருந்துக்கடைக்காரர் அதைக் காகித உறையில் போட்டு நீட்டுவதில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், கற்கண்டு வைத்து, நடுவில் புட்டியை நிறுத்தி, அதன் ரப்பர் தொப்பியில் சந்தனம் தொட்டுத்தான் அனுப்புவார். பெண் இருக்கிற வீடு, இல்லாத வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. சண்முகவடிவுக்கும் அவள் கணவர் பிரமநாயகத்துக்கும் பிள்ளையே இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் ஒரு மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். தாம்பாளத்தில் வந்த கற்கண்டையெல்லாம் பிரமநாயகம் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தார். சர்க்கரைக்காரி வீட்டில் அதைத் தின்ன ஆளில்லை. தூக்கிப் போடவும் அவருக்கு மனசு வரவில்லை.

சண்முகவடிவு பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். இப்போது அவள் வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. எதிரே வருகிற லாரி சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி தெரிந்தது. ஒருநாள் நிஜமாகவே ஒரு வேட்டியைப் பார்த்து லாரி என்று பயந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டி அது.

கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "மொதல்ல சர்க்கரை எறங்கட்டும். அதுக்கப்புறம்தான் ஆபரேஷன்."

கண் போனால் வண்டி போகும். வண்டி போனால் தனக்கு என்ன மிச்சம்? அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. படிக்க வந்த பெண்களை மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திட்டினாள்.

ஆக, எல்லாம் மாப்பிள்ளை கையில் இருந்தது. பிரமநாயகம் உபசாரத்தில் ஊரையே தூக்கிச் சாப்பிடுகிறவர். இந்தத் தடவை வந்த மாப்பிள்ளைக்கு வீட்டிலேயே குளுமையான அறையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார். ஃப்ரிட்ஜின் உச்சியில் ஐஸ் உறைகிற பெட்டியில் இருந்த பச்சைப் பட்டாணியைக் காலி செய்துவிட்டு, ஒரு கைக்குட்டையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் மாப்பிள்ளையைச் சாய்த்து வைத்தார்.

"வசதியா இருக்கா மாப்ளே?"

"ரொம்ப வசதி மாமா," என்றார் மாப்பிள்ளை, பல் தந்தியடிக்க.

காலையில் திறந்து பார்த்தால் கல்லாக உறைந்திருந்தார். பிரமநாயகம் அவரைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றி இளக வைத்தார். உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்டி எழுப்பினார். குலுக்கி எழுப்பக் கூடாது, எந்த வீட்டிலும் மாப்பிள்ளையைத் தோளைப் பிடித்து உலுக்குவதில்லை. பார்வைக்குப் பழைய ஆள்தான். ஊசியில் ஏறினார், வயிற்றில் இறங்கினார், வேலை மட்டும் பார்க்கவில்லை. ஒரு தடவை உறைந்து எழுந்தவருக்குச் செய்ய வந்த வேலை அடியோடு மறந்துவிடும். அதை அவரே சொல்லவும் மாட்டார், மாப்பிள்ளைகள் குறையை முகத்தில்தான் காட்டுவார்கள். புட்டிக்கு முகம் எந்தப் பக்கம் என்று இருவரும் தேடிக்கொண்டிருந்தபோதே சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது.

அவரை மரியாதையாக அனுப்பிவிட்டு அடுத்தவரை அழைத்து வந்தார்கள். அன்றைக்கு லைசென்ஸ் மைதானத்தில் ரெஜினா என்ற மாணவிக்கு எட்டுப் போடும் தேர்வு. அழைத்து வந்த வண்டியோடு அப்படியே போக வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளைய பின்சீட்ல உக்கார வைக்கவா?" என்று ரெஜினா கேட்டாள்.

"நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்லட்டி," என்றாள் சண்முகவடிவு.

முன்கண்ணாடியை ஒட்டி, ஊர் பார்க்க வசதியாக அவரை உட்கார வைத்தார்கள். ரெஜினா எட்டுப் போட்டு முடித்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்து முடிக்கிறவரை கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்ட வண்டியில் அவர் தனியாக இருந்தார். சித்திரை வெயில். திரும்பி வந்து பார்த்தால் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகப் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, வெக்கையா இருந்துச்சா மாப்ளே?"

"சேச்சே, நல்லா காத்தாட இருந்துச்சு அத்தை."

அவராலும் பிரயோஜனம் இல்லை. மூன்றாமவரை சண்முகவடிவு தானே பொறுப்பெடுத்துக்கொண்டாள். ஐஸும் இல்லாமல் வெயிலும் இல்லாமல், ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், மோருக்கும் அரைக்கீரைக்கும் இடையில் இடம் கொடுத்தாள். அவர் நல்லபடியாக இருந்தார், கட்டி இல்லை, உருட்டினால் ஒரே சீராக வெளுத்தார். அப்படியும் சர்க்கரை அசையவில்லை. சர்க்கரை டாக்டர் மரிய சொர்ணம் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். வந்த மாப்பிள்ளைகளெல்லாம் எங்கே போகிறார்கள் என்றே தெரியவில்லை. லாரிகள் எல்லாம் வேட்டியாகவே வந்துகொண்டிருந்தன.

ஒரு நாள் டாக்டர், "படுங்க, வயித்தைப் பாப்போம்," என்றார்.

தொப்புளுக்கு இடப்பக்கம் ஓர் இட்லி அளவுக்கு மேடு இருந்தது. டாக்டர் அதை விரலால் அமுக்கினார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டுக் குழாயை சண்முகவடிவின் காதில் மாட்டிவிட்டார். உள்ளே கேரம் காய்கள் மோதும் சத்தம். "சிவப்பு யாருக்கு?" என்று ஒருவர் கேட்டார். "காப்பி இன்னும் வரலையா?" என்றார் இன்னொருவர். குறட்டைச் சத்தமும் பல சுருதிகளில் கேட்டது.

"எப்பவும் இந்த எடத்துலதான் போடுதீங்களா?"

"ஆமா டாக்டர். வேற எங்க போட்டாலும் சுருக்குங்கு. இங்க போட்டா வந்ததே தெரியாது. மாப்பிள்ளைய நல்ல எடமாப் பார்த்துத்தான எறக்கணும்?"

"அதான் எல்லாரும் வீட்டோட மாப்பிள்ளையாயிட்டாங்க," என்றார் டாக்டர்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்பு தடித்து மெத்தை மாதிரி ஆகிவிடும். வருகிறவர் அதில் சாய்வார். ரத்தத்துக்குள் போய் வேலை பார்க்க வேண்டியவர், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று காலை நீட்டுவார். மாப்பிள்ளையில் கால், அரை என்று கிடையாது, ஒவ்வொரு துளியும் முழு மாப்பிள்ளை. டாக்டர் அளவைக் கூட்டக் கூட்ட உள்ளே கேரம் ஆட ஆள்தான் கூடியிருக்கிறது.

"ஒரு ஊசிய எத்தனை தடவை போடுதீங்க?"

"முனை மழுங்குற வரைக்கும்," என்றார் பிரமநாயகம். வீணாக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

"இனிமே ஒவ்வொரு தடவையும் புது ஊசி. அந்த மேட்டுப்பக்கமே போகாதீங்க. வயித்துல வலப்பக்கம், அப்புறம் தொடைன்னு எடத்தை மாத்துங்க. நேத்துப் போட்ட எடத்துலேருந்து ரெண்டு விரக்கடையாவது தள்ளிப் போடணும். இன்னொண்ணு, புது எடத்துல எறங்குறவரு முழு வேலையும் பார்த்துருவாரு. அதனால அளவை நல்லாக் குறைச்சிருக்கேன். கூட்டிப் போட்டுறாதீங்க."

சண்முகவடிவின் கண்ணுக்கு ஊசியின் கோடுகள் தெரியாது. அளந்து போடுவது பிரமநாயகம்தான். மறுநாள் காலை புது ஊசியைப் பிரித்து, குறைத்துச் சொன்ன கோடு வரை மருந்தை இழுத்து, அவர் யோசித்தார். முதல்முதலாகப் புது வீட்டுக்குள் அடியெடுத்து வைக்கிற மாப்பிள்ளை. அவருக்குக் குறைத்துப் பரிமாறுவதா? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வார்கள்? பழைய அளவுக்கே நிறைவாக இழுத்து, வலது தொடையில் மரியாதையாக இறக்கினார்.

தொடையில் மெத்தை இல்லை. கேரம் இல்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. சும்மா நிற்கக் கூச்சப்பட்டு மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து சண்முகவடிவு வாசலில் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். சாவி கையில் கிலுகிலுவென்று ஆடியது. சாவியை அதட்டினாள், அது நிற்கவில்லை. பிறகுதான் ஆடுவது தன் கை என்று தெரிந்தது. முகமெல்லாம் வேர்வை. ஊரிலுள்ள இட்லி மொத்தத்தையும் தின்றுவிடலாம் போலப் பசி. வீடு மெதுவாக ரிவர்ஸ் எடுத்தது.

"ஏங்க!" என்று கூப்பிட்டாள். குரல் பாதிதான் வந்தது.

பிரமநாயகம் ஓடி வந்து தாங்கிக்கொண்டார். அவள் தொடையிலிருந்து உற்சாகமான ஒரு குரல் கேட்டது.

"அத்தை, சர்க்கரை எல்லாத்தையும் பெருக்கித் தள்ளியாச்சு. இன்னும் ஏதாவது வேலை இருக்கா?"

"நிறுத்துங்க மாப்ளே!" என்று பிரமநாயகம் அலறினார். மாப்பிள்ளையிடம் அவர் குரலை உயர்த்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஆரம்பிச்சா முடிக்காம நிறுத்தத் தெரியாது மாமா."

பிரமநாயகம் அவளைப் படியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே பாய்ந்தார். அந்த வீட்டில் இனிப்பு என்று இருந்தது ஒரே ஒரு டப்பாதான். கற்கண்டை அம்மிக் குழவியால் தட்டி, தண்ணீரில் கரைத்து, அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். அவசரத்தில் பாதி அவள் ரவிக்கையில் கொட்டியது, பாதி உள்ளே போனது. இன்னொரு தம்ளர் கரைத்தார். வீடு முதல் கியருக்கு வந்து, மெல்ல நின்றது. பிறகு நாலு இட்லி கொடுத்தார். அவள் வாய் ஓயாமல் தின்றாள்.

"மரியாதை மரியாதைன்னு உன்னையவே பறிகொடுக்கப் பாத்தனே வடிவு," என்றார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சண்முகவடிவுக்கு அந்த மனுஷன்மேல் என்றைக்கும் இல்லாத பாசம் பொங்கியது. அதோடு கோபமும் இருந்தது.

"நாளைக்கு டாக்டர் சொன்ன கோடு தாண்டுனீயன்னா உங்களுக்கும் ஒரு எல் போர்டு மாட்டி உக்கார வைப்பேன்," என்றாள்.

அவர் அதற்குப் பிறகு கோடு தாண்டவில்லை. சண்முகவடிவு மாப்பிள்ளைக்கு ஒரு வழித்தடம் போட்டுக் கொடுத்தாள். வலது வயிறு, இடது தொடை, வலது தொடை என்று ரெண்டு விரக்கடை தள்ளித் தள்ளி, லைசென்ஸ் மைதானத்து எட்டு மாதிரி. வருகிறவர் யாராக இருந்தாலும் இறங்கியதும், "வழியை மறிக்காம நேரா போங்க மாப்ளே, பின்னால வண்டி வருது," என்று அதட்டினாள். அவள் குரலுக்குக் கட்டுப்படாத ஓட்டுநர் அந்த ஊரில் பிறக்கவில்லை, மாப்பிள்ளைகளும் பறந்தார்கள். சர்க்கரை இறங்கியது, இறங்கிய இடத்தில் நின்றது.

புது ஆள் வரத்து நின்றுபோனதும் இடப்பக்கத்து மேடு சோர்ந்தது. ஆட்டத்துக்குக் கை குறைந்தது. ஒவ்வொருவராகப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, "அப்ப வாறோம் அத்தை," என்று கிளம்பினார்கள். கடைசியாகப் போனவர் கேரம் பலகையைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். அங்கே தடவிப் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது.

கண் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். புரையை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்க வேண்டும். நர்ஸ் ஆரத்தித் தட்டோடு ஆபரேஷன் அறை வாசலில் நின்றாள். மருமகள் முறையான லென்ஸ் வலது காலை எடுத்து வைத்து வலது கண்ணுக்குள் வந்தாள்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது தெருமுனையில் லாரி லாரியாகவும் கொடியில் வேட்டி வேட்டியாகவும் தெரிந்தன. சண்முகவடிவு மூச்சை இழுத்து விட்டாள். பிரமநாயகம் காரின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

கண்ணுக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"அத்தை, இந்தக் கார் கண்ணாடிய யாருமே தொடைக்க மாட்டாங்களா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டா," என்றாள் சண்முகவடிவு. டாக்டர் அனுமதி கொடுக்கும் வரை வண்டி ஓட்ட முடியாது என்பதால், சாவியைப் பிரமநாயகத்திடம் எறிந்துவிட்டுப் பழைய துணி ஒன்றைத் தேடி எடுத்தாள்.