கடைசிப் பட்டிக்குப் போகும் குழாய்

அன்ரனிற்றா கொண்டுவந்த சாண மாதிரிகளில் மறுபடியும் அதே சல்மோனெல்லா வளர்ந்திருந்தது. டெட்ராசைக்ளின் உட்பட நான்கு மருந்துகளுக்கு அடங்காத கிருமி. மாதிரிகளை எடுத்த பன்றிப் பண்ணையிலோ இரண்டு வருடமாக டெட்ராசைக்ளின் கொடுக்கவேயில்லை.

"மாதிரிகள் மாறியிருக்கும்," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் வேபர்.

"மாறவில்லை. நானே எடுத்தேன், நானே பெயர் ஒட்டினேன்."

ஜெர்மனியின் எசன் நகரில் பிறந்து, கால்நடை மருத்துவம் படித்து, ஆறு வருடமாக இந்தக் கிருமியோடு மாரடிக்கிறவள் அவள். மனிதக் குடலின் உயிரணுக்களை வளர்த்து அவற்றில் இதை விட்டும் பார்த்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே புகுந்துவிட்டது. பன்றிகள் நோயே காட்டாமல் இதைச் சுமந்து திரியும். மனிதருக்குத் தொற்றினால் படுக்கையில் தள்ளும்.

அன்று மாலை பண்ணையின் வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்தாள். கணவன் அலோசியஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். டோர்ட்மண்டில் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்துவது அவன் தொழில்.

"கிருமி எல்லாப் பட்டியிலையும் இல்லை. பதினொண்டிலையும் பன்னிரண்டிலையும்தான் வருது," என்றாள்.

"அது ரெண்டும் எங்க இருக்கு?"

"வரிசையின்ரை கடைசியிலை."

"முந்தி மருந்தை எதிலை குடுத்தவை? தீனியிலையோ?"

"இல்லை, தண்ணியிலை கலந்து."

அலோசியஸ் கத்தியை வைத்துவிட்டு வரைபடத்தைக் குனிந்து பார்த்தான். "அப்ப பைப்பை வெட்டிப் பாக்க வேணும். தண்ணி ஓடாமல் தேங்கி நிக்கிற துண்டு இருந்தால் உள்ளுக்கு வழுவழுப்பாப் பிடிச்சிருக்கும். எத்தினை வீட்டிலை கண்டிருக்கிறன்."

குழாயிலிருந்து விழுந்த தண்ணீரை அவள் சோதித்திருந்தாள்; ஒன்றும் அகப்படவில்லை. குழாயின் உட்சுவரைத் தொட்டதில்லை. "இது என்ரை மூளையிலையெல்லோ முதல் ஓடியிருக்க வேணும்," என்று சிரித்தாள்.

"நீர் பண்டியைப் பாத்தனீர். நான் பைப்பைப் பாக்கிறன்."

அடுத்த வாரம் மூன்ஸ்டருக்கு அப்பால் இருந்த பண்ணைக்குப் போனாள். உரிமையாளர் ப்ரூனிங் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் பன்றிகளுக்கு ஒரு குறையும் இல்லை. குழாயை வெட்டினால் தண்ணீருக்கு என்ன செய்வது?"

"இந்த இடத்தில் மூடினால் மற்றப் பட்டிகளுக்குத் தண்ணீர் வரும். இந்த இரண்டுக்கும் வாளியில் ஊற்றலாம். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் என் கணிப்புப் பிழை என்று எழுதித் தருகிறேன்."

ப்ரூனிங் கட்டியிருந்த கைகளை எடுத்தார். பிறகு குழாய் அறுக்கும் வாளைத் தானே எடுத்துவந்தார்.

கடைசிப் பட்டியைத் தாண்டியும் ஒரு முழ நீளத்துக்குக் குழாய் போயிருந்தது. எப்போதோ இடித்த பதின்மூன்றாம் பட்டிக்கானது. வெட்டியதும் பழுப்பாக, கொழகொழவென்று வடிந்தது.

"இதையா குடித்தன?" என்றார் ப்ரூனிங்.

"அவ்வப்போது தண்ணீரோடு பெயர்ந்து வந்ததை," என்று அவள் பஞ்சுக் குச்சியால் அதை வழித்தெடுத்தாள்.

கொழகொழப்பில் அதே கிருமி இருந்தது. மரபணு வரிசையும் ஒத்துப்போனது. பழைய மருந்தின் மிச்சமும் அதற்குள் இருந்தது; அதனால்தான் மருந்தை நிறுத்திய பிறகும் கிருமி அதற்கு அடங்கவில்லை. வேபர் திரையை இரண்டு தடவை படித்தார். "இனி எல்லாப் பண்ணையிலும் குழாயின் உள்ளேயும் மாதிரி எடுப்போம். எப்படி எடுப்பதென்று நீங்களே எழுதுங்கள்," என்றார்.

ப்ரூனிங் அந்தக் குழாயை முழுவதும் மாற்றினார். ஆனாலும் இரண்டாம் மாதம் பன்னிரண்டாம் பட்டியில் கிருமி மறுபடி தலைகாட்டியது. அவர் தொலைபேசியில் அழைத்து, இனி என்ன செய்வது என்று கேட்டார்.

"தரையில் மிஞ்சியது. கழுவி, நன்றாகக் காயவிட்டுப் புதுக் குட்டிகளை விடுங்கள். போய்விடும்," என்றாள் அன்ரனிற்றா.

புதுக் குட்டிகளின் மாதிரிகளில் ஒரு வளர்ப்புத் தட்டில்கூட அது வளரவில்லை. செய்தியைச் சொல்ல அவள் அழைத்தபோது, பக்கத்துப் பண்ணைக்காரர் இருவர் அவளுடைய எண்ணைக் கேட்பதாக ப்ரூனிங் சொன்னார்.

"கொடுங்கள். திங்கட்கிழமை வருகிறேன்," என்றாள்.